டி டிரைவ்ல இருந்தா பத்திரமா?

"மச்சி, லேப்டாப் ஆமை மாதிரி போகுது. ஃபார்மட் அடிச்சிடலாமா?" செமஸ்டருக்கு ரெண்டு தடவையாவது இந்தக் கேள்வி எந்த ஹாஸ்டல் வராண்டாவிலும் கேட்கும். கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஒரு புண்ணியவான் பென் டிரைவோடு ஆஜராகிடுவார். அவரை டீ சாப்பிட அனுப்பிட்டு, இதைப் படிங்க பாஸ்!

முதல்ல, ஃபார்மட் உண்மையிலேயே தேவையா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. டிஸ்க் எந்நேரமும் 100 சதவீதத்தைத் தொட்டுட்டு இருக்கா? உள்ளே இருக்கிறது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கா? அப்படின்னா எத்தனை தடவை ஓ.எஸ். போட்டாலும் சில வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடிதான். அதுக்கு மருந்து எஸ்.எஸ்.டி. வைரஸ் புகுந்திடுச்சு, அப்டேட் பாதியில் மாட்டி விண்டோஸ் எழுந்திருக்கவே மாட்டேங்குது, இந்த மாதிரி காரணம் இருந்தா தாராளமா புதுசா போடலாம்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். "சி டிரைவைத்தானே அழிக்கிறோம், டி-ல இருக்கிறது பத்திரம்" என்பது நம்ம சீனியர்கள் வழிவழியா சொல்லிட்டு வர்ற வேதவாக்கு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது சரி. இப்போ?

பக்கத்து ரூம் மெக்கானிக்கல் நண்பர் அதை நம்பித்தான் இறங்கினார். ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவியூவுக்கு நாலே நாள். விண்டோஸ் அழகா ஏறிடுச்சு. டி டிரைவ் மேல மட்டும் ஒரு குட்டிப் பூட்டு! க்ளிக் பண்ணினா 48 இலக்க ரெக்கவரி கீ கேட்குது. "நான் பூட்டவே இல்லையேடா!" என்கிறார் பாவம். அவர் சொன்னது நிஜம்தான். விண்டோஸே பூட்டியிருந்தது.

நிறைய புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் ஆன உடனே, டிவைஸ் என்க்ரிப்ஷன் தானா ஆன் ஆகிடும். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு இதை இன்னும் பரவலாக்கிடுச்சு. லேப்டாப் திருடு போனா திருடனால டிஸ்கைக் கழற்றிப் படிக்க முடியாது என்பது நல்ல விஷயம். ஆனா சி மட்டுமில்ல, உள்ளே இருக்கும் டி-யும் சேர்ந்தே பூட்டப்படும். டி-யைத் தானா திறக்கும் சாவி எங்கே இருக்கு தெரியுமா? சி-க்குள்ளே! சி-யை அழிச்சா சாவியும் காலி. மிச்சம் இருப்பது, முதல்ல லாகின் பண்ணின அக்கவுன்ட்டில் சேமிச்சிருக்கும் அந்த 48 இலக்கம்தான்.

நண்பரோட லேப்டாப்பை ஃபர்ஸ்ட் இயரில் செட்டப் பண்ணிக் கொடுத்தது வாங்கின கடைக்காரப் பையன். கடையோட மெயில் ஐடியையே போட்டிருக்கார். இப்போ அந்தப் பையன் வேலையில் இல்லை, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியலை. முந்தின ரிவியூவுக்கு எடுத்த பிரின்ட் அவுட்டை வெச்சுக்கிட்டு, டீமில் மூணு பேரும் நாலு ராத்திரி கண் முழிச்சு டிராயிங் எல்லாத்தையும் மறுபடி போட்டாங்க. ரிவியூ முடிஞ்சது. ஆனா டி-யில் இருந்த மூணு வருஷ போட்டோக்கள் இன்னமும் பூட்டுக்குள்ளேதான்.

அதனால, இப்பவே உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைஞ்சு, டிவைஸ் விவரங்களில் ரெக்கவரி கீ இருக்கான்னு பாருங்க. பார்த்து ஒரு பேப்பரில் எழுதி வைங்க (லேப்டாப்பிலேயே சேவ் பண்ணி வைக்கிற அதிபுத்திசாலிகளும் உண்டு!). கடைக்காரர், அண்ணன், மாமா பையன் ஐடியில் லேப்டாப் இருந்தா, ஃபார்மட்டுக்கு முன்னாடியே செட்டிங்ஸில் என்க்ரிப்ஷனை ஆஃப் பண்ணி, அது முழுசா முடியும் வரை காத்திருங்க. லேப்டாப்போடு ஆஃபீஸ் வந்திருந்தா அதுவும் முதல்ல ஆக்டிவேட் பண்ணின அக்கவுன்ட்டோடு ஒட்டிக்கிட்டிருக்கும். அந்த பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா? விண்டோஸ் கீ பத்திக் கவலை வேண்டாம். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கிற லேப்டாப்களில் கீ மதர்போர்டிலேயே பதிஞ்சிருக்கும்.

அடுத்து பேக்கப். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸை மட்டும் காப்பி பண்ணிட்டு "முடிஞ்சது" என்பவர்கள்தான் அப்புறம் தலையில் கை வைக்கிறாங்க. நம்ம ஆளுங்க உழைப்பு எங்கெங்கே ஒளிஞ்சிருக்கும்? டர்போ சி-யில் போட்ட லேப் புரோகிராம் எல்லாம் சி டிரைவில் அதோட பின் ஃபோல்டரில். ஸாம்ப் வெச்சு வெப்சைட் பண்ணினவங்களுக்கு எச்டிடாக்ஸ் ஃபோல்டர், கூடவே டேட்டாபேஸ் எக்ஸ்போர்ட். பழைய பாமினி மாதிரி ஃபான்ட்டில் தமிழ் டைப் பண்ணின ஃபைல் இருந்தா, ஃபான்ட்டையும் எடுத்துக்கோங்க. இல்லேன்னா திறந்ததும் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையா நிற்கும். ஒன்டிரைவில் மேக ஐகான் காட்டும் ஃபைல் லேப்டாப்பில் இல்லை, நெட்டில்தான் இருக்கு. காப்பி பண்ணி முடிச்சதும் ஃப்ரெண்டு லேப்டாப்பில் சொருகி நாலு ஃபைலையாவது திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை.

இன்ஸ்டலேஷன் வேலை சின்னதுதான். குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவ், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமா கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் (பென் டிரைவில் இருக்கிறது எல்லாம் அழியும், படம் இருந்தா முதல்ல பார்த்து முடிச்சிடுங்க!). வைரஸுக்காக ஃபார்மட் அடிக்கிறீங்கன்னா, வேறொரு சுத்தமான லேப்டாப்பில் இதைத் தயார் பண்ணுங்க. வைஃபை டிரைவரையும் கம்பெனி தளத்திலிருந்து இறக்கி வெச்சுக்கோங்க. விண்டோஸ் 11 செட்டப் நெட் கேட்கும், வைஃபையே தெரியலைன்னா போனை யு.எஸ்.பி. டெதரிங்கில் போட்டுச் சமாளிக்கலாம். இன்டெல் 11-வது தலைமுறை முதல் வந்த சில லேப்டாப்களில் டிஸ்க்கே லிஸ்ட்டில் வராது. டிஸ்க் செத்துப் போச்சுன்னு பதறாதீங்க, இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரைக் காட்டினா வந்திடும்.

ஒரே ஒரு ஸ்க்ரீனில் மட்டும் நிதானம் தேவை. பார்ட்டிஷன் லிஸ்ட்டில் சி, டி-ன்னு எழுதியிருக்காது, நம்பரும் சைஸும்தான் இருக்கும். எது எத்தனை ஜி.பி.ன்னு முன்னாடியே குறிச்சு வைங்க. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தா அதை எடுத்திடுங்க, டெலீட் பட்டனுக்கு உங்க டிஸ்க், வெளி டிஸ்க் என்ற பேதமெல்லாம் கிடையாது.

பழைய லேப்டாப்காரர்களுக்கு ஒரு சேதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிஞ்சது. டி.பி.எம். 2.0 இல்லாத லேப்டாப்பை விண்டோஸ் 11 முறைப்படி ஏத்துக்காது. எப்படியும் எல்லாத்தையும் அழிக்கப் போறீங்க, லினக்ஸ் மின்ட்டை ஒருமுறை போட்டுப் பாருங்களேன். இன்ஸ்டால் பண்ணாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. காலேஜ் லேபில் கேட்கிற சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும் ஓடும்னா, அதை முதல்லயே விசாரிச்சிடுங்க.

டீ குடிக்கப் போனவர் இந்நேரம் திரும்பியிருப்பார். அவர் பென் டிரைவில் "ஆக்டிவேட்டர்"னு ஒரு ஃபைல் இருக்கும், வேண்டாம்னு சொல்லிடுங்க. சார்ஜரைச் சொருகிட்டு ஆரம்பிங்க!