வாசனையின் மொழி

முத்துச் சிப்பிகளைக் கரையில் குவித்து, அழுகவைத்து முத்தெடுத்த ஊர் எங்கள் தூத்துக்குடி. அந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு முடிந்தது; கருவாட்டு வாடை மட்டும் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. இவை மூக்குக்குத் தெரிந்த வாசனைகள். மூக்குக்கே தெரியாமல் சரீரத்தை ஆட்டிவைக்கும் வாசனை ஒன்றும் உண்டு. அது மனிதரின் வியர்வை வாசனை.

இஸ்ரேல் தேசத்து வைஸ்மன் விஞ்ஞானக் கழகத்தார் 2018-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஆகாய விமானத்திலிருந்து குதித்தோர் அச்சத்தில் சிந்திய வியர்வையையும், தேகப்பயிற்சியில் சிந்திய வியர்வையையும் சிலரை முகரச் செய்தார்கள். முகர்ந்தது இன்னதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனினும், சாதாரண மனிதரின் உடல் அச்ச வாசனையால் பதற்றங் கொண்டது. ஆட்டிஸம் உடையவர்களிடமோ நேர்மாறு! அச்ச வாசனை அவர்களை அமைதிப்படுத்திற்று. மற்றதே பதறச் செய்தது. சேதி அவர்கள் உடலை எட்டாமலில்லை. அதன் பொருளே மாறிப்போயிற்று.

சோதிக்கப்பட்டவர்கள் வயது வந்த ஆடவர் சிலரே. இதைக் கொண்டு எல்லாக் குழந்தைகளையும் அளந்துவிட முடியாது. ஆயினும், அன்போடு அணைக்க வந்த அத்தையைக் கண்டு ஒதுங்கும் குழந்தையை நாம் ‘திமிர்’ என்கிறோமே! என் வகுப்பிலும் ஒரு பையனை நான் அப்படிக் கடிந்ததுண்டு. அவன் உடலுக்கு என்ன சேதி எட்டியதோ, யார் கண்டார்? இனிக் கடியுமுன் ஒரு கணம் நிற்பேன்.