மூடாத வாசல்

1780 செப்டம்பர் 10. புள்ளலூர் வெளியில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். இரும்புக் குழலில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் சீறிப் பாய்ந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோவின் ஆட்களுக்கு அந்த முழக்கம் கேட்டது. உதவி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்து, பெய்லி சிறைப்பட்டார்.

வரலாற்று நூல்கள் இந்தப் போரைப் பீரங்கியின் பக்கம் நின்று சொல்கின்றன. அதே போரைக் காதின் பக்கம் நின்று எண்ணிப் பார்த்தால் உடல் சிலிர்க்கிறது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஒரு வெடி. சத்தம் இன்ன திசையிலிருந்து வருகிறது என்று ஒரு சிப்பாய் தலையைத் திருப்பியதுமே சொல்லிவிடுவான். எப்படி? வலது காதுக்கும் இடது காதுக்கும் அந்த ஒலி வந்து சேரும் நேரத்தில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. அதிகபட்சமே ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. லட்சத்தில் ஒரு பங்கு விநாடி அளவு வித்தியாசத்தைக்கூட நம் மூளை கணக்கிட்டுத் திசையைச் சொல்லிவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஆடு மேய்ப்பவரும் வழி தவறிய குட்டியின் குரலை வைத்து இந்தக் கணக்கைத்தான் போடுகிறார், தாம் கணக்குப் போடுகிறோம் என்றே அறியாமல்.

புள்ளலூருக்குக் காதோடு இன்னொரு பழைய உறவும் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. ‘மத்தவிலாசப் பிரகசனம்’ எழுதிய அந்த மன்னனுக்கு ‘சங்கீர்ணஜாதி’ என்று இசையைச் சார்ந்த ஒரு பட்டப்பெயர். யாழின் நரம்பையும் போர்முரசையும் ஒரே செவி கேட்டிருக்கிறது. காஞ்சிக் குமரகோட்டத்துக்குப் போனால் அங்கே சொல்லப்படும் கதையும் இதைத்தான் தொடுகிறது. பிரணவத்தின் பொருள் தெரியாத பிரம்மனைச் சிறையிட்டு, படைப்புத் தொழிலை முருகனே ஏற்ற தலம் அது. அந்தப் பிரணவத்தின் பொருளைத் தந்தை மகனிடம் வாங்கிக்கொண்டது எந்த வழியாக? செவி வழியாக. படைப்பை நினைத்து வணங்க வருபவர்கள் தங்கள் தலையின் இரு பக்கத்தையும் ஒரு கணம் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிக்காதிலிருந்து உள்ளே போகும் குழாய் பெரியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேராக இராமல் சற்று வளைந்து போகிறது. அதன் முடிவில் செவிப்பறை. ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். நமக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கு இந்தச் சவ்வு அசைவது ஓர் அணுவின் அகலத்துக்கும் குறைவாக. அதற்குப் பின்னே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். அங்கவடி 3 மில்லிமீட்டர் அளவு. மனித உடம்பிலேயே சிறிய எலும்பு அதுதான். குழந்தை பிறக்கும்போதே இந்த மூன்றும் பெரியவர்களுக்குரிய அளவில் இருக்கின்றன. மற்ற எலும்புகளெல்லாம் வளர வருடக்கணக்கில் காத்திருக்க, கேட்பதற்கான எலும்பு மட்டும் காத்திருப்பதில்லை.

இந்த எலும்புகள் எதற்கு? காற்றில் வரும் ஒலி தண்ணீரில் மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். உள்காதோ திரவம் நிறைந்தது. பெரிய செவிப்பறையின் மேல் விழும் விசையைத் திரட்டி, அதில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு பரப்புள்ள அங்கவடியின் அடித்தட்டில் கொண்டுபோய் அழுத்துகின்றன இவை. எலும்புகளின் நெம்புகோல் விசையும் சேர்ந்து அழுத்தம் இருபது மடங்குக்கு மேல் பெருகுகிறது. அப்பால் இரண்டரைச் சுற்றுச் சுருளாகக் காக்ளியா. அதன் தொடக்கத்தில் கீச்சுக்குரல், உச்சியில் கனத்த குரல் என்று ஒவ்வொரு சுருதிக்கும் அதற்குள் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதை ஆராய்ந்து சொன்ன ஜியார்ஜ் பெக்கெஸிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. வீணையில் மெட்டுகள் வரிசையாக அமைவதற்கு முன்பே காதுக்குள் அந்த வரிசை அமைந்துவிட்டது என்று நினைக்கையில் கை தானாகக் குவிகிறது.

ஆனால் இந்த எல்லாவற்றையும்விட என்னை அதிகம் வியக்க வைப்பது, நாம் அருவருத்து ஒதுக்கும் குறும்பிதான்.

காதுக் குழாயின் தோல் நகர்கிறது. உடம்பில் வேறெங்கும் தோல் மேல்நோக்கி உரிந்து விழும். இங்கே செவிப்பறையின் நடுவில் தொடங்கி, ஓரத்துக்கு வந்து, குழாய்ச் சுவரோடு வெளிவாசலை நோக்கி மெல்ல மெல்லப் பயணம் செய்கிறது. செவிப்பறையில் ஒரு புள்ளி மை வைத்து, அது நாளாக ஆக நகர்ந்து வெளியே வருவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். நகம் வளரும் வேகம்தான். குழாயின் வெளிப்பகுதியில் மட்டும் இருக்கும் சுரப்பிகள் ஒரு பிசினைச் சுரக்கின்றன. தூசியும் பூச்சியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. அதன் லேசான அமிலத்தன்மை கிருமியையும் பூஞ்சையையும் அண்டவிடாது. நாம் சோறு மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைந்து குழாயை அமுக்கி அமுக்கி அந்தப் பிசினை வாசலுக்குத் தள்ளுகிறது. காய்ந்து தானாக உதிர்கிறது. கூட்டுவதற்கு ஆள் வேண்டாத வீட்டை இறைவன் கட்டிக் கொடுத்திருக்கிறான்.

அதற்குள் நாம் என்ன செய்கிறோம்? மதிய வேளையில் எந்தக் கிராமத்துத் திண்ணையிலும் இதைப் பார்க்கலாம். கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் குடைகிறார் ஒரு பாட்டி. பக்கத்தில் பேரன் தீக்குச்சி எடுத்திருப்பான். கோழி இறகு, ஊக்கு, பேனா மூடி, கடையில் வாங்கிய பட்ஸ் என்று வீட்டுக்கு வீடு கருவி மாறும். அந்த அரிப்பும் சுகமும் உண்மைதான். காதுக் குழாயில் பரவியிருக்கும் நரம்புகளில் ஒன்று நுரையீரல், வயிறு வரை போகும் வேகஸ் நரம்பின் கிளை. காதைக் குடைந்தால் சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். ஆனால் உள்ளே போகும் குச்சி எதையும் வெளியே கொண்டுவருவதில்லை. நுனியில் ஒட்டிய கொஞ்சத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டு, மிச்சத்தைச் செவிப்பறை மேல் தள்ளி இறுக்கிவிடுகிறது. வெளியே வந்துகொண்டிருந்த தோலின் பயணம் அங்கே நின்றுபோகிறது. யாராவது முழங்கையில் இடித்தால் போதும், செவிப்பறை கிழியும்.

துண்டின் முனை எட்டுகிற தூரம் வரை துடைத்தால் போதும். அதற்குள்ளே நம் விரலுக்கும் வேலை இல்லை. குறும்பி இறுகி அடைத்துக்கொண்டால், மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்தை விட்டு இளக்கி, அவரே எடுத்துவிடுவார். தண்ணீர் பீய்ச்சி எடுக்கும்போது அதை உடம்பின் சூட்டுக்கு வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் சில்லென்று இருந்தால் தலை கிறுகிறுக்கும். வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற மருத்துவர், காது கழுவும்போது நோயாளிகளுக்கு வரும் இந்தத் தலைச்சுற்றலைக் கவனித்து, ஏன் என்று தேடிப் போனார். உள்காதின் அரைவட்டக் குழல்கள் மூன்றும் நம்மை நிமிர்ந்து நிற்கவைப்பது எப்படி என்று அவர் காட்டியதற்கு 1914இன் நோபல் பரிசு கிடைத்தது. வரப்பில் தலைச்சுமையோடு சாயாமல் நடக்கும் பெண்ணைத் தாங்கிப் பிடிப்பது அந்த மூன்று குழல்கள்.

“புள்ள காதுல சீழு வருதும்மா, ரெண்டு சொட்டு எண்ண காய்ச்சி ஊத்தட்டுமா?” என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்காத பாட்டி இல்லை. பாசத்தில் கேட்பதுதான். “வேணாம் ஆயா. ஓட்டை இருந்தா எண்ணெ உள்ள போயிடும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாம்” என்பார் அவர். அந்தப் பதிலில் எல்லாம் இருக்கிறது. காய்ச்சிய எண்ணெய் சுடும். ஈரமும் எண்ணெயும் தங்கிய காதில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். சீழ் வடியும் காதுக்குக் குளிக்கும்போது காது வாசலில் தடுப்பாக வாஸ்லின் தடவிய பஞ்சு போதும். குளம், கிணற்றில் முங்கக் கூடாது. நாற்றமடிக்கும் சீழ் மாதக்கணக்கில் வந்தால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. சில காதுகளில் தோல் உள்நோக்கி வளர்ந்து, சுற்றியுள்ள எலும்பையே அரித்து, முகநரம்பையும் மூளையையும்கூட எட்டிவிடும்.

பால்குடிக் குழந்தைகளுக்குச் சீழ் அடிக்கடி வருவதற்குக் காரணம் காதில் இல்லை, மூக்கில் இருக்கிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழல் போகிறது. எச்சில் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அது திறந்து, செவிப்பறைக்கு முன்னும் பின்னும் காற்றைச் சமப்படுத்துகிறது. மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைத்த காது, எச்சில் விழுங்கியதும் ‘பொட்’டென்று விடுபடுவது இதன் கைங்கரியம். பெரியவர்களுக்கு இது சரிவாக இருக்கிறது. குழந்தைகளுக்குக் குட்டையாக, படுக்கைவாட்டமாக இருக்கிறது. அதனால் சளி சுலபமாகக் காதுக்கு ஏறிவிடும். படுக்க வைத்தபடி பாட்டில் பால் புகட்டாமல், தலையை உயர்த்திப் பிடித்துப் பால் கொடுக்கச் சொல்வது இதற்குத்தான். சளியை மூக்கின் இரு துளைகளையும் பொத்திக்கொண்டு வேகமாகச் சிந்தினாலும் அழுத்தம் காதுக்குப் போகும். ஒவ்வொரு பக்கமாக மெதுவாகச் சிந்தினால் போதும். குளித்த குழந்தையின் காதில் வாயால் ஊதுவதும் மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நுரையீரல் அழற்சியாக முடிந்திருக்கிறது.

இரவில் பூச்சி புகுந்துவிட்டால் வேதனை சொல்லி மாளாது. காதில் ஓட்டையோ சீழோ இல்லாத பெரியவர் ஒருக்களித்துப் படுத்துச் சில சொட்டு வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் விட்டால் பூச்சி அடங்கும். மற்றதை மருத்துவர் எடுக்கட்டும். குழந்தை கடலையோ புளியங்கொட்டையோ போட்டுக்கொண்டால் தண்ணீர் விடக் கூடாது, ஊறிப் பெருத்துவிடும். பொம்மையிலோ கைக்கடிகாரத்திலோ இருந்த பட்டன் பேட்டரி காதுக்கோ மூக்குக்கோ போய்விட்டால் காலைவரை காத்திருக்கவே கூடாது. சில மணி நேரத்தில் அது தசையை அரித்துவிடும். நேற்று நன்றாகக் கேட்ட காது இன்று திடீரென்று மந்தமானாலும் அவசரம்தான். முதல் சில நாளில் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.

இனி சத்தம். பேரொலி கேட்டதும் அங்கவடியோடு ஒட்டிய ஒரு சின்னஞ்சிறு தசை சுருங்கி அந்த எலும்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காதுக்கு இமை வைக்காத படைப்பு, உள்ளே இப்படியொரு காவலை வைத்தது. ஆனால் அது செயல்படச் சற்று நேரம் பிடிக்கும். இடி எட்டி எட்டி உருளும் உலகத்துக்கு அது போதுமாயிருந்தது. புள்ளலூரில் வெடித்த வெடிமருந்து வண்டிக்கும், இன்று பக்கத்தில் வெடிக்கும் அணுகுண்டுப் பட்டாசுக்கும் அது முந்திக்கொள்ள முடியாது. ஒவ்வொரு காக்ளியாவிலும் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. மெல்லிய காற்றில் சாய்ந்து நிமிரும் நெற்பயிராக அவை ஒலிக்கு அசைகின்றன; புயலில் படுத்துவிட்ட பயிர் எழாததுபோல, பேரொலியில் படுத்தவை எழுவதில்லை. அடுத்த போகத்துக்கு விதைக்கவும் முடியாது. மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்கிறது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. ஆடித் திருவிழாவில் ஒலிபெருக்கியை ஒட்டி உட்காரும் குழந்தைகளைத் தள்ளி உட்காரவைப்பது அம்மனுக்கு அபசாரம் ஆகாது. விசைத்தறிக் கூடத்திலும் அரிசி ஆலையிலும் வேலை செய்பவர்கள் காதடைப்பான் போடவேண்டும். இரவு முழுவதும் இயர்போனில் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லவேண்டும், அதட்டாமல்.

வளைகாப்பில் தாயின் கையில் வளையல் குலுங்கும்போது வயிற்றுக் குழந்தைக்கு அது கேட்கிறது என்று நம் பெண்கள் சொல்லிவந்தார்கள். ஆறாம் மாதம் முடியும் காலத்தில் சிசுவின் காது ஒலிக்கு ஈடுகொடுக்கத் தொடங்கிவிடுகிறது என்று மருத்துவமும் சொல்கிறது. 1978இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இன்னொன்றைக் கண்டார்: நலமான காது ஒலியை வாங்குவதோடு நிற்காமல் மெல்லிய ஒலியைத் திருப்பியும் எழுப்புகிறது. உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து, ‘டிக்’ ஒலி அனுப்பி, உள்ளிருந்து வரும் அந்தப் பதிலைக் கருவி கேட்கிறது. சில நிமிடம், வலி இல்லை, ஊசி இல்லை. ஒரு மாதத்துக்குள் இந்தச் சோதனை, பதில் வராவிட்டால் மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் கடைப்பிடிக்க முயலும் முறை. தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. அது சிறு வயதிலேயே நடக்கவேண்டும், ஏனென்றால் மூளை மொழியைப் பிடிக்கும் ஆண்டுகள் அவைதான். “அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருந்துவிடாமல், கதவு அறையும் சத்தத்துக்குத் திடுக்கிடாத குழந்தையை அந்த வாரமே மாவட்ட அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.