வயிற்றுக்குள் ஒரு ஜன்னல்

1822 ஜூன் 6. அமெரிக்காவின் மெக்கினா தீவில், விலங்குத் தோல் வாங்கி விற்கும் கடையில் கைதவறி வெடித்த துப்பாக்கி, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் விலாவைப் பிளந்தது. தேறமாட்டார் என்றே ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் நினைத்தார்.

தேறிவிட்டார். இரைப்பையில் விழுந்த துளைதான் மூடவே இல்லை.

விடுவாரா மருத்துவர்? 1825 ஆகஸ்டில் மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் ஆகியவற்றைப் பட்டுநூலில் கட்டித் துளை வழியே உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தால், கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடல்சூட்டில் வைத்து, இறைச்சியைப் போட்டார். வெளியிலும் அது கரைந்தது! செரிமானம் வெறும் அரவை வேலையல்ல, ரசாயன வேலை என்பதற்குக் கண்முன்னே சாட்சி. அந்த நீரில் இருந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

கோபம் வந்தால் செரிமானம் தடுமாறுவதையும் அவர் குறித்துவைத்தார். வயிற்றில் நூல் விட்டு இழுத்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆய்வு நூல் 1833இல் வெளியானது. மருத்துவர் 1853இல் காலமானார். துளையோடு வாழ்ந்த செயின்ட் மார்ட்டின் 1880 வரை இருந்தார்.