பள்ளி நாட்காட்டியும் ஆலைச் சங்கும்

அரையாண்டுத் தேர்வையொட்டிக் கிறிஸ்து பிறப்பு விழா. புத்தாண்டுக்குப் பின் பொங்கல். ஜனவரி 26-இல் கொடியேற்றம். பிப்ரவரியில் விளையாட்டு விழாவும் ஆண்டு விழாவும். மார்ச் முதல் புதிய மாணவர் சேர்க்கை. இவற்றுக்கிடையே ஒன்றிரண்டு பெற்றோர் கூட்டங்கள். ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் உள்ள கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றின் அடுத்த சில மாத நாட்காட்டி ஏறக்குறைய இப்படித்தான் அமையும். படிப்புக்கு நடுவே வரும் பொழுதுபோக்காகவே பலரும் இவற்றைக் கருதுகிறார்கள். பாட நாள்கள் வீணாகின்றன என்று குறைப்படுவோரும் உண்டு. ஆனால், பிழைப்பை நாடிக் குடிபெயர்ந்தோர் நிறைந்த இந்த எல்லைப்புறத்தில், இத்தகைய நிகழ்ச்சிகள் ஆற்றும் பணி பாடநூலின் பணிக்குக் குறைந்ததல்ல.

முதலில் இந்த மண்ணின் மாற்றத்தைக் காண வேண்டும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒசூரில் காலூன்றின. அவற்றுக்கு உதிரி பாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் பெருகின. அண்மைக் காலத்தில் போச்சம்பள்ளியில் மின்சார இருசக்கர வாகன ஆலையும், ஒசூரை அடுத்து டாடா குழுமத்தின் மின்னணு ஆலையும் எழுந்துள்ளன. 2001-இல் சுமார் 84 ஆயிரமாக இருந்த ஒசூர் நகர மக்கள்தொகை 2011-இல் 1.16 லட்சத்தைத் தாண்டியது. சுற்றுப்புற ஊராட்சிகளையும் இணைத்துக்கொண்டு 2019-இல் அது மாநகராட்சியானது. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், இங்கே குடியிருந்து கர்நாடகத்தில் வேலை பார்ப்போரும் அங்கிருந்து இங்கு வருவோரும் ஏராளம்.

தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் தலைமுறைகளாகப் புழங்கும் ஊர் இது. இப்போது இந்தியும் ஒடியாவும் வங்காளமும் சேர்ந்துவிட்டன. தருமபுரி, சேலம், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும், வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் ஒரே வரிசை வீடுகளில் அடுத்தடுத்த அறைகளில் வசிக்கிறார்கள். ஆலைத் தொழிலாளர்களுடன் மலர்ப் பண்ணைகளிலும் கட்டுமானத்திலும் கல் குவாரிகளிலும் வேலை செய்வோரும் உண்டு. பாட்டி, அத்தை, சித்தப்பா என்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் உறவு வட்டம் ஊரிலேயே தங்கிவிட்டது. தந்தைக்கு இரண்டாம் ஷிப்ட், தாய்க்குக் காலை ஷிப்ட் என்றால், மாலையில் குழந்தையின் வீட்டுப்பாடத்தைக் கேட்பதற்குக்கூடப் பக்கத்து வீட்டாரை நம்ப வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டார் பேசுவதோ வேறொரு மொழி.

இந்தச் சூழலில்தான் இங்குள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் இயங்குகின்றன. சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1997-இல் தருமபுரி மறைமாவட்டம் உருவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களும் அதற்குள் அடங்கும். மத்திகிரி, எலத்தகிரி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்கள் இருந்தாலும், 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சுமார் இரண்டு விழுக்காடு மட்டுமே. ஆகவே, இப்பகுதியின் கத்தோலிக்கப் பள்ளி என்பது நடைமுறையில் பல சமயத்தார் தம் பிள்ளைகளை அனுப்பும் பொதுப்பள்ளியாகவே இருக்க முடியும்.

அரசமைப்புச் சட்டமும் இத்தகைய பொதுத்தன்மைக்கு இடம் வகுத்திருக்கிறது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனம் நிறுவி நிர்வகிக்கும் உரிமையை 30-ஆவது பிரிவு அளிக்கிறது. அரசின் உதவி பெறும் நிறுவனம் எதுவும் சமயம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணம் காட்டி எவருக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது 29(2). அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோரின் ஒப்புதலின்றி எந்தக் குழந்தையையும் சமய போதனையில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறது 28(3). இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால், தன் அடையாளத்தை விடாமலும் பிறர் அடையாளத்தைத் தொடாமலும் நடக்க வேண்டிய பொறுப்பு கத்தோலிக்கப் பள்ளிக்கு உண்டு என்பது விளங்கும்.

பள்ளியைச் சுற்றியுள்ள சமூக வாழ்வு கல்வியைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன். அவருடைய ஆய்வுக் களமே கத்தோலிக்கப் பள்ளிகள்தாம். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையே படிப்பை நிறுத்திய மாணவர்கள் அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் 14.4 விழுக்காடு, பிற தனியார் பள்ளிகளில் 11.9 விழுக்காடு, கத்தோலிக்கப் பள்ளிகளில் 3.4 விழுக்காடு என்று 1988-இல் வெளியான கட்டுரையில் அவர் காட்டினார். கட்டணமும் வசதியும் மட்டுமே காரணம் என்றால், பிற தனியார் பள்ளிகளிலும் இடைநிற்றல் அதே அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும்.

கோல்மன் தந்த விளக்கம் எளிமையானது. ஒரு குழந்தையின் பெற்றோர், அக்குழந்தையின் நண்பர்களுடைய பெற்றோரையும் அறிந்திருந்தால், அங்கே ஒரு வேலி உருவாகிறது. பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றி யாரோ ஒருவர் விசாரிப்பார். வேலை இழந்த குடும்பத்தின் நிலை ஆசிரியரின் காதுக்கு எட்டும். இவ்வாறு மனிதர்களிடையே உள்ள அறிமுகமும் நம்பிக்கையும் பணத்தைப் போலவே பயன் தருவதால் அதனைச் சமூக மூலதனம் என்றார். அமெரிக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்தில் சந்தித்ததால் அந்த மூலதனம் அவர்களுக்குத் தானாகவே சேர்ந்திருந்தது.

இக்கருத்துக்கு மறுப்புகளும் எழுந்தன. அக்கறையுள்ள பெற்றோரே இத்தகைய பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதால் விளைந்த தோற்றம் இது என்றார்கள் சிலர். 2005-இல் ஆல்டன்ஜி, எல்டர், டேபர் ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள் அந்தத் தேர்வுச் சார்பைக் கணக்கில் கொண்டு ஆராய்ந்தனர். தேர்வு மதிப்பெண்ணில் பெரிய நன்மைக்குச் சான்று இல்லை என்றும், பள்ளிப் படிப்பை முடிப்பதில் குறிப்பிடத்தக்க நன்மை இருப்பதாகவும் அவர்களின் முடிவு அமைந்தது. அவை உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகள் என்பதை மறக்கக் கூடாது. எனினும், ஐந்தாம் வகுப்போடு முடியும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேடும் கட்டத்தில்தான் குடிபெயர்ந்த குடும்பத்தின் குழந்தை பெரும்பாலும் தடுமாறுகிறது. எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், எந்தப் பேருந்து செல்லும், என்ன சான்று வேண்டும் என்று சொல்ல நான்கு பேரைத் தெரிந்திருக்கும் தாய் அந்தக் கட்டத்தைக் கடந்துவிடுகிறாள்.

ஒசூரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கோல்மன் கண்ட பெற்றோரை ஆலயம் ஒன்று சேர்த்தது. இங்குள்ள பெற்றோருக்குச் சமயம் வேறு, மொழி வேறு, சொந்த ஊர் வேறு, வேலை நேரமும் வேறு. அவர்கள் அனைவருக்கும் பொதுவாக எஞ்சியிருப்பது பள்ளி வாசல் ஒன்றே. அந்த வாசலுக்குள் அவர்களை அழைக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஏழெட்டு முறைதான் வருகிறது.

இதற்குச் சட்டம் துணை செய்யுமா? 2010-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை மட்டுமே வழங்கும் என்று 2012-இல் திருத்தம் வந்தது. இச்சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் பிரமதி வழக்கில் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் சரித்தன்மை குறித்து 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஐயம் எழுப்பியது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், இதில் கத்தோலிக்கப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் இன்னொரு சட்டம் உண்டு. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 796-ஆவது பிரிவு, ஆசிரியர்கள் பெற்றோருடன் நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், அவர்கள் சொல்வதை விருப்பத்தோடு கேட்க வேண்டும், பெற்றோருக்கான சங்கங்களையோ கூட்டங்களையோ ஏற்படுத்தி உயர்வாக மதிக்க வேண்டும் என்று பணிக்கிறது. அரசுச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்கும் நிர்வாகம், தன் சொந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்க இயலாது.

தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் நல்லதொரு திறப்பை உண்டாக்கியிருக்கிறது. அரசுப் பள்ளிகளோடு நின்றிருந்த இத்திட்டம், 2024 ஜூலை 15-இல் கிராமப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. அதற்கான விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. 2025 ஆகஸ்ட் 26-இல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவானபோது, மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் விழா நடந்தது. இரண்டுமே கத்தோலிக்கப் பள்ளிகள். காலை ஷிப்டுக்கு விடியுமுன் கிளம்பும் தாய்க்கு இந்த உணவு எத்தகைய ஆறுதல் என்பதை விளக்கத் தேவையில்லை. கட்டணம் வாங்கும் சுயநிதிப் பள்ளிகளுக்கு இத்திட்டம் இல்லை என்பதால், ஏழைத் தொழிலாளியின் குழந்தைக்கு உதவிபெறும் பள்ளியின் தேவை இன்னும் கூடுகிறது.

இனி நாட்காட்டிக்கு வருவோம். முதலாவதாக, பெற்றோர் கூட்டம். வேலைநாள் பிற்பகலில் ஒரே அமர்வாக நடத்தினால், அந்நேரம் ஆலைக்குள் இருக்கும் பெற்றோர் வரமாட்டார்கள். வராதவரை அக்கறையற்றவர் என்று முடிவு கட்டுவது அநியாயம். ஒரு நாள் கூலியை இழந்து வர வேண்டும் என்பதே அந்தக் கூட்டத்தின் விலை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு அமர்வுகள் வைத்தால் அந்த விலை குறையும். அழைப்பிதழைத் தமிழுடன் தெலுங்கு, கன்னடம், இந்தியிலும் நான்கு வரிகள் எழுதி அனுப்பினால் வருவோர் எண்ணிக்கை கூடும். மொழிபெயர்க்கப் பெற்றோரிலேயே ஆள் கிடைப்பார்.

இரண்டாவதாக, விழாக்கள். கிறிஸ்து பிறப்புக் குடிலைப் பள்ளி தன் மரபுப்படி அமைக்கட்டும். களிமண் பொம்மை செய்யவும் வைக்கோல் பரப்பவும் எல்லாக் குழந்தைகளும் சேரலாம், வழிபாடு விருப்பமுள்ளோருக்கு மட்டும் என்பது தெளிவாக இருக்கட்டும். நமக்குப் பொங்கலாகவும் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்குச் சங்கராந்தியாகவும் அமைவது ஒரே நாள்தான். அதையொட்டி ஒரே அடுப்பில் பொங்கலும், பக்கத்தில் கன்னட வீட்டார் பகிரும் எள்ளும் வெல்லமும் வைத்தால் அது பாடமாகவே அமையும். பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். 2006-இல் வந்த சட்டத்தின்படி இங்கு எல்லாக் குழந்தைகளும் தமிழ் கற்கிறார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிவழித் தொடக்கக் கல்வி கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350ஏ பிரிவு. ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டு மொழியில் ஒரு கதை சொல்லி, அதைத் தமிழில் விளக்கும் ஒரு மணி நேரம், இந்த இரண்டு நோக்கங்களுக்கும் உதவும்.

மூன்றாவதாக, ஆண்டு விழாவின் செலவு. நடன உடைக்கான வாடகை கொடுக்க முடியாத வீட்டுக் குழந்தை அன்று விடுப்பு எடுத்துவிடும். யாரைச் சேர்ப்பதற்காக விழா நடக்கிறதோ, அவர்களையே அது விலக்கிவிடக் கூடாது. சீருடையிலேயே மேடையேறும் நிகழ்ச்சிகளை அமைப்பது எளிய தீர்வு.

நான்காவதாக, சேர்க்கை. ஹோலிக்கு ஊர் சென்று திரும்பும் வட மாநிலக் குடும்பங்கள் உண்டு. அக்குழந்தைகள் மார்ச் மாதத்தில் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நழுவிவிடும் ஆபத்து இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. சட்டம் பொருந்துமா என்று பார்க்காமல் இதைப் பின்பற்றுவதே சிறுபான்மைப் பள்ளிக்கு அழகு.

ஆலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்கீழ், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பெஞ்சும் கழிப்பறையும் கட்டித் தருவது நல்லதே. அத்துடன், பள்ளிக் கூட்டத்தன்று ஷிப்டை மாற்றிக்கொள்ள அனுமதிப்பது பணச் செலவே இல்லாத உதவி. கலிபோர்னியாவில் 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில், பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சிகளுக்காகப் பெற்றோர் ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை விடுப்பு எடுக்கச் சட்டமே இடம் தருகிறது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒசூரின் தொழிலக அமைப்புகளும் பள்ளித் தாளாளர்களும் ஒருமுறை அமர்ந்து பேசினாலே போதும்.

ஆண்டு விழாத் தேதியைக் குறிப்பதற்கு முன், தலைமையாசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கேள்வி கேட்கலாம்: உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எந்த வாரம் எந்த ஷிப்ட்? குழந்தைகள் பிழையின்றிப் பதில் சொல்வார்கள். அவர்கள் வளர்வதே அந்த அட்டவணையின்படிதான். அந்தப் பதில்களைப் பார்த்து நாளும் நேரமும் குறித்தால், இதுவரை வராத சில பெற்றோர் இந்த ஆண்டு முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள்.