விளையாடும் பையனுக்கு ஏன் கூலி?

நான் கீரிமலையில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். கேணிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. ஐரோப்பியக் கொம்பனிகளுக்கு வேலை செய்கிறேன். இடைக்கிடை யாழ் நகரத்துக் கடைகளுக்கும் செய்து கொடுக்கிறேன். வியாபாரிகள் வாசிக்கும் இந்தப் பக்கத்தில் இவனுக்கு என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான்.

பில் போடும் மென்பொருள் செய்து தரச் சொல்லி ஒரு பையனிடம் முற்பணம் கொடுத்து, வேலை பாதியில் நின்றுபோய், கடைசியில் பழைய கொப்பிக்கே திரும்பிய கடைக்காரர்களை நான் அறிவேன். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் காசுக்கு நடந்து நடந்து களைத்து, கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட்ட பையன்களையும் அறிவேன். இவர்களில் யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. ஒருவருடைய நாள் எப்படிக் கழிகிறது என்பது மற்றவருக்குத் தெரியாது. அங்கேதான் பிசகு தொடங்குகிறது. உங்கள் நாள் எனக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் நான் கடைக்காரர் மகன். என் நாளை இப்போது சொல்கிறேன்.

லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடைக்காலத்தில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. வாடிக்கையாளர் எழும்புவதற்கு முன்பு எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது மிச்சம். அதுதான் என் முதல். விடியற்காலை 5 மணிக்கு உட்கார்ந்தால் 10 மணிவரை தொலைபேசியைத் தொடமாட்டேன். பிற்பகலில் பேச்சு, கேள்வி, திருத்தம். இரவு ஒரு மணி நேரம் கம்பியூட்டர் கேம், அதன் பிறகு ஒரு மணி நேரம் புத்தகம். வெள்ளி இரவு மட்டும் கணக்கில்லை.

யாழ் நகரில் இரும்புக் கடை வைத்திருக்கும் நானா ஒருவருக்கு நான் வேலை செய்து கொடுத்தேன். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க இருபது கிலோமீற்றர் அளவு மோட்டார் சைக்கிளில் வருவார். ஒரு தடவை வந்தபோது நான் திரையைப் பார்த்தபடி கை கட்டி உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை கேம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கோபிக்கவில்லை. “தம்பி, கடையில பையன் சும்மா நிண்டா தராசத் துடையடா எண்டு சொல்லுவன். நீங்க சும்மா இருந்தா நான் என்னத்தச் சொல்ல?” என்று கேட்டார்.

நான் அவருக்கு அவருடைய கம்பியை வைத்தே விளக்கினேன். 12 மில்லிமீற்றர் கம்பியை அவர் வாங்குவது தொன் கணக்கில், விற்பது எண்ணிக்கையில். ஒரு மீற்றர் ஏறத்தாழ 0.89 கிலோ. ஆறு மீற்றர்க் கம்பி ஒன்று ஐந்தே கால் கிலோவுக்குச் சற்று மேல். பாதிக் கம்பி கேட்டு வருபவருக்கு வெட்டிக் கொடுத்தால் மீதிப் பாதி கையிருப்பில் எப்படி நிற்க வேண்டும்? போன மாதம் ஒரு விலைக்கும் இந்த மாதம் வேறு விலைக்கும் வாங்கியது ஒரே அடுக்கில் கிடந்தால் இலாபத்தை எந்த விலையில் பார்ப்பது? கொந்தராத்துக்காரர் பாதிப் பணம் கொடுத்து, பாதியைக் கடனில் எழுதி, நாலு கம்பியைத் திருப்பிக் கொண்டு வந்தால் எந்தக் கணக்கில் கழிப்பது? இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் அடுக்கி வைத்துக்கொண்டுதான் ஒரு வரி எழுத முடியும். எழுதும் நேரம் பத்து நிமிடம், அடுக்கும் நேரம் இரண்டு மணி. நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் அடுக்கு சரிந்துவிடும். பெருநாளுக்கு முதல்நாள் சனக்கூட்டத்துக்குள் கல்லாவில் காசு எண்ணும்போது ஒருவர் தோளைத் தட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அது சரி, கேம் எதற்கு?

நான் அதிகம் விளையாடுவது ஃபாக்டோரியோ என்ற கேம். செக் நாட்டுக் கொம்பனி ஒன்று செய்தது, முழுமையாக வெளிவந்தது 2020-இல். சுடுவதும் வெட்டுவதும் அதில் பிரதானம் இல்லை. ஆளில்லாத கிரகம் ஒன்றில் இரும்பும் செம்பும் தோண்டி, உருக்கி, பட்டிகளில் ஓடவிட்டுத் தொழிற்சாலை கட்ட வேண்டும். ஓரிடத்தில் பட்டி அடைத்தால் பின்னால் எல்லாம் நின்றுவிடும். அடைப்பை எடுத்தால் அது அடுத்த இடத்துக்குப் போகும். சாமான் இறக்கும் நாளில் லொறி வாசலில் நிற்க, உள்ளே இடமில்லாமல் திண்டாடிய எந்த முதலாளிக்கும் இது புதிய பாடம் இல்லை. அதைக் காசு நட்டமில்லாமல் நூறு தரம் செய்து பார்க்கலாம் என்பதே இதன் பெறுமதி. (வியாபாரிகளுக்கு இன்னொரு தகவல்: இந்தக் கேமுக்குத் தள்ளுபடி விற்பனையே கிடையாது. 2023-இல் 30 டொலரிலிருந்து 35-க்கு விலையை ஏற்றினார்கள். பலரும் விலையைக் குறைத்து விற்கும் சந்தையில் அப்படி நிற்கவும் ஒரு தைரியம் வேண்டும்.)

டோபி லுட்கே என்பவரைக் கேள்விப்பட்டிருப்பீர்களோ தெரியாது. ஜெர்மனியில் பிறந்து கனடாவில் குடியேறிய மென்பொருள்காரர். 2004-இல் ஒட்டாவாவில் பனியில் சறுக்கும் பலகைகளை இணையத்தில் விற்கத் தொடங்கினார். அதற்கு வாய்த்த மென்பொருள் கிடைக்காததால் தானே எழுதினார். பலகையைவிட மென்பொருளுக்குத்தான் கிராக்கி என்று பிறகு தெரிந்தது. 2006-இல் அதுவே ஷொப்பிஃபை என்ற பெயரில் வந்தது. உலகெங்கும் சிறு கடைக்காரர்கள் இணையக் கடை திறப்பது இன்று அதில்தான். இந்த மனிதர் கேம் பிரியர். தம் கொம்பனி ஊழியர்கள் ஃபாக்டோரியோ வாங்கினால் அந்தச் செலவைக் கொம்பனி கணக்கில் எழுதலாம் என்று சொன்னவர்.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் என்பவர் விண்வெளிப் பயணக் கேம் ஒன்றை எழுதினார். பெரிய கணினியில் அதை ஒரு தரம் விளையாட ஏறத்தாழ 75 டொலர் செலவானது. கட்டுபடியாகாமல், மூலையில் கிடந்த சிறிய கணினிக்கு அதை மாற்றினார். அந்த வேலையில் கிடைத்த பழக்கத்தில் எழுந்ததுதான் யுனிக்ஸ். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் அன்ட்ரொயிட் போனுக்குள் ஓடுவதும் அந்த வழியில் வந்ததே.

இதை வாசித்துவிட்டு மகன் கையில் எந்தக் கேமையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்லும் கேம்கள் உண்டு. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018-இல் அதைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. நானும் அப்படித்தான் பார்க்கிறேன். அந்தப் பக்கம் நான் போவதில்லை.

புத்தகத்துக்கு வருவோம். என் தொழிலில் 1975-இல் வந்த ஒரு புத்தகத்தை இன்னும் வாசிக்கிறோம். ஐ.பி.எம். கொம்பனியில் மிகப் பெரிய மென்பொருள் வேலையொன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ் எழுதியது. தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதன் சாரம். புதியவனுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே பழையவனின் நேரம் போய்விடும். லொறி இறக்க நாலு பேருக்குப் பதில் எட்டுப் பேர் என்றால் சீக்கிரம் முடியும். இங்கே அந்தக் கணக்கு எடுபடாது. “இன்னும் ரெண்டு பொடியனப் போடுங்க தம்பி” என்று முதலாளிமார் சொல்லும்போதெல்லாம் அவர்களுக்கு இதைத் தமிழில் வாசித்துக் காட்ட ஆசை வரும்.

தமிழ்ப் புத்தகங்களுக்கு எனக்கு நூலகம் என்ற இணைய நூலகம் இருக்கிறது. 2005-இல் ஆரம்பித்தார்கள். ஈழத்துப் புத்தகங்கள், பத்திரிகைகள், பழைய சஞ்சிகைகள் எல்லாவற்றையும் வருடி இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்கள் எரிந்தன. அந்த ஊரில் பிறந்தவனுக்குப் பிரதி எடுத்து வைப்பது பொழுதுபோக்கு அல்ல.

எங்கள் குடும்பம் 1990-இல் கீரிமலையை விட்டு வெளியேறியது. அப்பாவின் பலசரக்குக் கடை, சாமான், தராசு எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. அவர் கையில் எடுத்தது கடன் கொப்பி மட்டும். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ் நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். கொப்பியை எடுக்கக்கூட வழி இருக்கவில்லை. நான் சொன்ன இரும்புக் கடை நானா அப்போது பதினெட்டு வயதுப் பையன். அவருடைய வாப்பாவுக்கு வரவேண்டிய கடன் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாமலே போனது. இதை அவர் சொன்ன பிறகுதான், கணக்கின் பிரதி ஒன்று கொழும்பில் இருக்கும் மருமகனின் கணினிக்கும் ஒவ்வொரு இரவும் தானாகப் போய்ச் சேரும்படி எழுதினேன். அவர் கேட்ட பட்டியலில் அது இருக்கவில்லை. அதற்குக் கூலியும் நான் எழுதவில்லை.

2022-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360-ஐத் தொட்டது. வெளிநாட்டு வேலை செய்த எங்களுக்கு ரூபாவில் வருமானம் கூடியது. ஆனால் மின்சாரம் இல்லாமல் அதை உழைப்பது எப்படி? இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தால் இரண்டு மணிக்கு எழும்பினேன். மின்சாரம் இல்லாத நேரத்தில் புத்தகம். அந்த வருடம் வாசித்தது அதிகம். அந்த நேரம் உள்ளூர் வேலையை விட்டுவிட்டுப் பலர் முழுதாக டொலர் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இனி உங்களுக்குத் தேவையான விடயம். உள்ளூர்ப் பையன் ஒருவனுக்கு வேலை கொடுக்கும்போது நாள் கூலி பேசாதீர்கள், மொத்தமாகவும் பேசாதீர்கள். வேலையை மூன்று நாலு துண்டாக வெட்டுங்கள். முதலில் பில் மட்டும், அது கடையில் ஒரு மாதம் ஓடட்டும். ஓடினால் காசு, பிறகு கையிருப்பு, அதன் பிறகு கடன் கணக்கு. அவன் சும்மா இருக்கிறானா விளையாடுகிறானா என்று பார்க்க வரத் தேவையிருக்காது. துண்டு ஓடுகிறதா என்று உங்கள் கல்லாவிலேயே தெரியும். எப்போது பேசலாம் என்று ஒரு நேரத்தைக் கேட்டு வைத்து, அந்த நேரத்தில் மட்டும் அழையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் காசு கொடுக்கும் நாளில் இரண்டு சாமானைக் கையில் வாங்குங்கள்: எழுதிய மூல நிரல் முழுவதும், உங்கள் கணக்குத் தரவின் பிரதி. பையன் நாளை கனடா போனாலும் இன்னொருவர் தொடரலாம். தரமாட்டேன் என்பவனுக்கு வேலை கொடுக்க வேண்டாம். மூல நிரலைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டுபவன், இரவில் எத்தனை மணிவரை விளையாடினாலும் உங்களுக்கு அது பிரச்சினை இல்லை.