வெந்நீர் ஊற்றில் விளைந்த பயன்

மக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சியால் மக்களுக்கு விளைந்த நன்மை யாது? இவ்வினாவை எழுப்பும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. விடையளிக்கும் கடமை ஆய்வாளர்க்கு உண்டு. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, நிதிநல்கை வேண்டி வரும் ஆய்வுத் திட்டங்களை 1997ஆம் ஆண்டு முதல் இரண்டு அளவுகோல்களால் மதிப்பிடுகிறது. ஒன்று, அத்திட்டம் அறிவுக்குச் சேர்க்கும் வளம். மற்றொன்று, சமூகத்திற்கு அது தரும் பரந்த பயன். நல்கை பெற்றோர் தம் அறிக்கைகளிலும் அப்பயனை எடுத்துரைத்தல் வேண்டும்.

ஆனால், பயன் எப்போது விளையும் என முன்னரே கூற இயலுமா? 1966ஆம் ஆண்டு, நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் மாதிரிகளைத் திரட்டினர். ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் செழித்து வளரும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து, அதற்குத் 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' எனப் பெயரிட்டு 1969இல் அறிவித்தனர். இவ்வாய்வுக்கு மேற்கூறிய அறக்கட்டளையே நிதியளித்தது. உயிர்கள் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதை அறியும் ஆர்வமே அவர்களை இயக்கியது. மருத்துவப் பயன் எதுவும் அன்று அவர்கள் கண்முன் இல்லை.

1983இல் கேரி முல்லிஸ், டி.என்.ஏ.வைப் பன்மடங்காகப் பெருக்கும் பாலிமரேஸ் சங்கிலி வினையை உருவாக்கினார். இதில் டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் சூடேற்றுதல் வேண்டும். அச்சூட்டில் நகலெடுக்கும் நொதி சிதைந்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் புதிய நொதியைச் சேர்க்க வேண்டியிருந்தது. வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதியோ வெப்பத்தைத் தாங்கி நின்று இவ்விடரை நீக்கியது. முல்லிஸ் 1993இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். தடயவியல் ஆய்வு, மரபுநோய்களைக் கண்டறிதல், கொரோனா தொற்றுச் சோதனை ஆகிய அனைத்திற்கும் இம்முறை அடிப்படையாயிற்று.

பிராக் அன்றே பயன் அறிக்கை எழுதியிருப்பின், இவற்றுள் ஒன்றையும் குறிப்பிட்டிருக்க இயலாது. எனினும், எழுதத்தக்க உண்மைகள் அப்போதும் இருந்தன: ஒரு மாணவர் ஆய்வுப்பயிற்சி பெற்றார், கண்டறிந்தவை இதழில் வெளியாயின, பாக்டீரியா வளர்ப்பு, பிறரும் பெறத்தக்க வகையில் பொதுச் சேமிப்பகத்தில் வைக்கப்பட்டது. பிற்காலத்தார்க்கு வழிதிறந்தவை இவையே.

ஆகவே, நல்ல அறிக்கை நிகழ்ந்த பயனை நிகழ்ந்ததாகவும், நிகழக்கூடியதை எதிர்பார்ப்பாகவும் பிரித்துரைக்கும். மிகைப்படக் கூறின் மக்கள் நம்பிக்கை இழப்பர். கூறாது விடின் அறிவியலின் பயனை அறியாது போவர். நம்பிக்கையைக் காக்கும் நேர்மையும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே.