கூலிப் பட்டியலும் கணினி அச்சும்

நுழையும்முன்

செய்த வேலைக்குரிய தொகையைக் கேட்டுப் பெறுவதற்குச் சான்றாவது விலைப்பட்டியல். அதில் எந்தச் செய்தி எந்தக் கட்டத்தில் இடம்பெறவேண்டும் என்பதை இன்று கணினியில் நாமே வரையறுக்க முடியும். அவ்வாறு வரையறுக்கும் முறையையும் அதன் தேவையையும் சோமனூர் விசைத்தறித் தொழிலின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

தறியும் தாளும்

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் வட்டத்திலுள்ள சோமனூர், விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்குள்ள தறி உரிமையாளர் பலர் கூலிக்கு நெய்பவர்கள். துணி உற்பத்தியாளர் பாவு நூலையும் ஊடை நூலையும் தருவார். தறி உரிமையாளர் அவற்றைத் துணியாக நெய்து கொடுத்துக் கூலி பெறுவார். அக்கூலிக்காக அவர் அளிக்கும் விலைப்பட்டியலை மக்கள் 'பில்' என்பர். வணிகவியல் நூல்கள் 'இடாப்பு' என்னும். கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிய சீட்டின் இடத்தைக் கணக்கியல் மென்பொருளின் அச்சுப்படி இன்று பெற்றுவருகிறது.

பொதுவடிவம் போதாமை

மென்பொருள் தானே தரும் பொதுவடிவம் பெரும்பாலும் பொருள் விற்போருக்கு உரியது. பொருளின் பெயர், அளவு, விலை, தொகை ஆகிய கட்டங்களே அதில் இருக்கும். கூலி நெசவுக்கு இவை போதா. துணியின் ரகம், பாவு எண், நெய்த மீட்டர் ஆகியவற்றோடு, ஓர் அங்குலத்தில் எத்தனை ஊடை இழைகள் உள்ளன என்னும் 'பிக்' கணக்கும் வேண்டும். இவற்றைக்கொண்டே கூலி அமைகிறது.

2021 நவம்பரில் நடந்த பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்திற்கு 23 விழுக்காடும் பல்லடம் ரகத்திற்கு 20 விழுக்காடும் கூலி உயர்வு முடிவாயிற்று. அவ்வுயர்வு நடைமுறைக்கு வரவில்லை என்று 2022 சனவரியில் விசைத்தறியாளர்கள் தறிகளை நிறுத்திப் போராடினர். ரகத்திற்கு ஏற்பக் கூலி வேறுபடும்போது, பட்டியலில் ரகம் குறிக்கப்படாவிட்டால் எந்த உயர்வு பொருந்தும் என்பதே வழக்காகிவிடும்.

எடுத்துக்காட்டாக, மீட்டருக்கு 5 ரூபாய் என்றிருந்த கூலி 23 விழுக்காடு உயர்ந்தால் 6 ரூபாய் 15 காசு ஆகும். 1,000 மீட்டருக்கு வேறுபாடு 1,150 ரூபாய். மொத்தத் தொகை மட்டும் அச்சிடப்பட்ட தாளில் இவ்வுயர்வு சேர்ந்ததா, இல்லையா என்பதை எவரும் அறிய இயலாது. மீட்டர், கூலி விகிதம், தொகை எனத் தனித்தனிக் கட்டங்கள் இருப்பின் ஒரே பார்வையில் புலப்படும்.

சட்டம் கேட்பவை

2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. வரிப்பதிவு பெற்றவர் தரும் வரிப்பட்டியலில் இருதரப்புப் பெயர், முகவரி, 15 எழுத்துருக்கள் கொண்ட பதிவெண், தேதி, பொருள் அல்லது சேவையின் குறியீட்டெண், வரிக்குரிய மதிப்பு, வரி விகிதம், வரித்தொகை, கையொப்பம் முதலியன இடம்பெற வேண்டும். பட்டியலின் வரிசை எண் 16 எழுத்துருக்களுக்கு மிகாமலும், அந்நிதியாண்டில் மீண்டும் வராமலும் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவெண்கள் 33 எனத் தொடங்கும்.

துணி நெசவுக் கூலிக்கு வரி 5 விழுக்காடு. மாநிலத்திற்குள் அது மத்திய வரி, மாநில வரி என இரண்டரை விழுக்காடாகப் பிரியும். மேற்கண்ட 6,150 ரூபாய்க்கு 153.75 ரூபாய் வீதம் இருமுறை சேர, மொத்தம் 6,457.50 ரூபாய். துணி உற்பத்தியாளர் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகப் பெறுவதற்கு இப்பட்டியலே ஆவணம். பதிவெண்ணில் ஓர் எழுத்து பிழைபட்டாலும் அவ்வரவு தடைப்படலாம். கூலியும் அதனோடு காத்திருக்க நேரும். வரிப்பதிவு பெறாதவரோ வரி வசூலிக்க இயலாது. ஆதலால் அவர் 'வரிப்பட்டியல்' என்னும் தலைப்பையும் வரிக் கட்டங்களையும் நீக்கிவிட வேண்டும்.

வடிவமைக்கும் முறை

முதலில் தாளின் அளவைத் தேர்ந்தெடுத்து ஓரங்களை வரையறுக்க வேண்டும். அடுத்து, அச்சு அமைவுப் பகுதிக்குச் சென்று வேண்டிய கட்டங்களை இயக்கி, வேண்டாதவற்றை நிறுத்தலாம். அங்கு இல்லாத 'பாவு எண்', 'பிக்' போன்ற கட்டங்களை மென்பொருள் வல்லுநர் துணையுடன் சேர்க்கலாம். தமிழில் அச்சிட ஒருங்குறி எழுத்துருவைப் பயன்படுத்தினால் வேறு கணினியிலும் எழுத்துகள் சிதையா.

நிறுவனச் சின்னத்தைப் பெரிதாக்கினால் கணக்குக் கட்டங்கள் அடுத்த பக்கத்திற்குத் தள்ளப்படும். ஆகவே, அழகைவிடத் தெளிவுக்கே முதலிடம் தருக. தாளின் அடியில் தொகை எழுத்தாலும், வங்கிக் கணக்கு விவரமும், பணம் செலுத்தவேண்டிய கடைசி நாளும் இடம்பெறுதல் நன்று. குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்குரிய தொகையை, ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்குள் செலுத்தவேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். உரிய பதிவு பெற்ற தறி உரிமையாளர் அப்பதிவெண்ணையும் அச்சிட்டால், தம் உரிமையைத் தாளிலேயே நினைவூட்டியவர் ஆவார்.

வடிவத்தை முடிவு செய்தபின், ஒரு பழைய பட்டியலை அதில் அச்சிட்டுக் கையால் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். கணக்கறியாத ஒருவரும் அதைப் படித்து, எதற்காக எவ்வளவு என்று சொல்ல முடிந்தால் அவ்வடிவம் பயன்பாட்டிற்கு உரியது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் பரவலாகப் பயன்படும் கணக்கியல் மென்பொருளான டேலி, 1986இல் பெங்களூரில் தோன்றிய நிறுவனத்தின் படைப்பு. நெசவாலைகளுக்கு மூலப்பொருள்களும் எந்திர உறுப்புகளும் வழங்கிவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குகளுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமையால் தம் மகன் பரத் கோயங்காவை உருவாக்கச் செய்தார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள விலைப்பட்டியல் ஒன்றில் இடம்பெற்ற விவரங்களைப் பட்டியலிட்டு, விடுபட்டவற்றைக் கண்டறிக.
2. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றிற்கேற்ற விலைப்பட்டியலைத் தமிழில் வடிவமைத்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.